வந்த காற்று போகணும்

1995 ஆனி மாதம். நாகர்கோவிலில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள் வேலையே ஏணி ஏறுவதுதான். 30 மீட்டர் டவர்; உள்ளே செங்குத்தான இரும்பு ஏணி; இடுப்பில் பெல்ட், தோளில் டூல் பை. காற்று சற்றுத் தணிந்திருக்கும் விடியற்காலையில் மிஷினை நிறுத்திவிட்டு ஏறினோம். மேலே போய், கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் இருக்கும் பெட்டியான நாசெல்லின் மூடியைத் திறந்து தலையை நீட்டினேன். வடக்கே மகேந்திரகிரி மலை. முகத்தில் அறைந்த காற்றில் கண் திறக்க முடியவில்லை. "அண்ணாச்சி, தணிஞ்ச காத்தே இப்படியா!" என்று கத்தினேன்.

எங்கள் குழுவின் மூத்த ஃபிட்டர் அவர். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மக்கா, காத்து வருதுன்னு சந்தோசப்படாத. வந்த காத்து போகணும்லா. போக வழி இருக்கான்னு பாரு."

அப்போது அது எனக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்த பிறகு, காற்றாலை வடிவமைப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். காற்றைப் பிடிப்பது எளிது. ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே காற்று தள்ளும். வேண்டாத காற்றை, வேண்டாத நேரத்தில், மிஷின் உடையாமல் விட்டுவிடுவதில்தான் பொறியாளரின் மூளை முழுவதும் செலவாகியிருக்கிறது.

ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் கணக்குப் போட்டு வெளியிட்டதும் இதைத்தான். காற்றில் இருக்கும் சக்தி முழுவதையும் எடுத்துவிட முடியாது. முழுவதும் எடுத்தால் இறக்கைக்குப் பின்னால் காற்று நின்றுபோகும். நின்ற காற்று வழியை அடைத்துக்கொண்டால் அடுத்த காற்று எப்படி வரும்? வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு காற்று வெளியேறும்படி விட்டால்தான் அதிகபட்ச சக்தி கிடைக்கும். அந்த அதிகபட்சம் 59.3 சதவீதம். இன்றைய நல்ல மிஷின்கள் 45 முதல் 50 சதவீதம்வரை எட்டுகின்றன. பெட்ஸின் பெயரை அண்ணாச்சி கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஏணி ஏறி ஏறி அவர் கண்டுகொண்ட நியாயம் அது.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் சோம்பிச் சுற்றும் மிஷின் 12 மீட்டர் காற்றில் முழு உற்பத்தியை நெருங்கிவிடும். 24 மீட்டர் காற்று வந்தாலோ, அதைவிட எட்டு மடங்கு சக்தி அதே இறக்கையின் மேல் வந்து விழும். அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் கட்டினால் விலை கட்டாது. வருடத்தில் சில மணி நேரமே வரும் காற்றுக்காக அவ்வளவு இரும்பு எதற்கு? அதனால் ஓர் அளவுக்கு மேல் வரும் காற்றை விடத்தான் வேண்டும். எப்படி விடுவது என்பதில்தான் மிஷினுக்கு மிஷின் வித்தியாசம்.

நாங்கள் பார்த்த முதல் தலைமுறை 250 கிலோவாட் மிஷின்கள். இறக்கை வட்டத்தின் விட்டம் சுமார் 28 மீட்டர், நிமிடத்துக்கு 40 சுற்று. இறக்கை, நடுவில் இருக்கும் ஹப்போடு அசையாமல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். காற்று கூடினால் திருப்பிக்கொள்ள வழி கிடையாது. ஆனால் இறக்கையின் வடிவத்திலேயே ஒரு சூட்சுமம் இருந்தது. சுற்றும் வேகம் மாறாமல் இருக்க, காற்று மட்டும் கூடக் கூட, அது இறக்கையைத் தாக்கும் கோணம் பெரிதாகிறது. ஓர் அளவு தாண்டியதும், இறக்கையின் முதுகை ஒட்டி வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காற்று பிய்ந்து சுழலாகிவிடும். இறக்கையை இழுக்கும் விசை விழுந்துவிடும். தொழிலில் இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். ஆகாய விமானத்துக்கு எமன் இது. எங்கள் மிஷினுக்குக் காவல். அசையும் பாகம் ஒன்றுமில்லாமல், காற்றை வைத்தே காற்றை விடுகிற ஏற்பாடு.

இந்தக் குடும்பத்தின் மூதாதை டென்மார்க்கின் கெட்சர் என்ற இடத்தில் 1957இல் நின்றது. யோஹான்னஸ் யூல் கட்டிய 200 கிலோவாட் காற்றாலை. மூன்று இறக்கை, ஸ்டால், மின் கட்டமைப்பான கிரிட்டோடு நேராக இணைந்த இண்டக்ஷன் ஜெனரேட்டர், இறக்கை நுனியில் அவசர பிரேக். பத்தாண்டுகள் பெரிய பராமரிப்பு இல்லாமல் அது ஓடியது. முப்பந்தலில் நான் ஏறிய மிஷினைத் திறந்து பார்த்தால் அந்த நான்கும் அப்படியே உள்ளே இருந்தன. யூலை நான் என் ஆசான்களில் ஒருவராகவே வைத்திருக்கிறேன்.

ஆனால் டென்மார்க்கின் காற்றும் கிரிட்டும் வேறு, நம்முடையவை வேறு. ஸ்டால் நம்பியிருப்பது மாறாத சுற்று வேகத்தை. அந்த வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ். தொண்ணூறுகளில் நம் தென்மண்டல கிரிட்டில் 48 ஹெர்ட்ஸ் சாதாரணம். அலைவெண் இறங்கினால் இறக்கையும் அதே விகிதத்தில் மெதுவாகும்; ஸ்டால் முன்கூட்டியே வந்துவிடும்; நல்ல காற்றிலும் மிஷின் முழு உற்பத்தியைத் தொடாது. ஜெனரேட்டர் சூடாகும். மீட்டரைப் பார்த்துவிட்டு, மிஷின்களின் சொந்தக்காரர்களான மில்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள். 2003இல் தென்மண்டலத்தில் அலைவெண்ணைப் பொறுத்து மின்சாரத்துக்கு விலை வைக்கும் முறை வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

பூச்சியும் ஒரு பாடம் நடத்தியது. ஒரே காற்று, ஒரே மிஷின். ஆனால் சில வாரங்கள் பலத்த காற்றில் உற்பத்தி வழக்கத்தைவிடக் குறையும். ஒரு நல்ல மழை பெய்ததும் மறுநாளே சரியாகிவிடும். இறக்கையின் முன் விளிம்பில் பூச்சியும் தூசியும் அப்பியிருப்பதை நாங்கள் பார்த்திருந்தோம். ஆனால் மெல்லிய காற்றில் ஒன்றும் குறையவில்லையே, பலத்த காற்றில் மட்டும் ஏன்? கோர்ட்டன், வெல்ட்காம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். பூச்சி பறப்பது மெல்லிய காற்றில்தான். அப்போது அது ஒட்டும் இடத்தில் சொரசொரப்பு இருந்தாலும் கெடுதல் இல்லை. பலத்த காற்றில் தாக்கும் கோணம் மாற, அதே இடம் காற்று மிக வேகமாகப் பாயும் இடமாகிவிடுகிறது. அங்கே ஒட்டிய பூச்சி காற்றைப் பிய்த்துவிடுகிறது. படித்தபோது, பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்த முள்ளை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

1998 ஆடி மாதத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது.

நல்ல சீசன். மதியம் மூன்று மணிக்கு ஃபீடர் ட்ரிப் ஆகிக் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் சீசனில் ஒரே நாளில் நான்கைந்து தடவை ட்ரிப் ஆகும். வீட்டில் கரண்ட் போனால் விளக்குதான் அணையும். காற்றாலைக்குக் கரண்ட் போனால், அதுவரை ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டிருந்த சுமை ஒரே நொடியில் கழன்றுவிடும். காற்று மட்டும் விடாமல் தள்ளும். இறக்கை வேகமெடுக்கும். அதற்காகத்தான் இறக்கையின் நுனித் துண்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள். ஹைட்ராலிக் அழுத்தம் அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும். கரண்ட் போனால் அழுத்தம் இறங்கும்; சுற்றுகிற விசையே நுனியை வெளியே தள்ளும்; தண்டின் பள்ளத்தில் வழுக்கி அது 90 பாகை திரும்பி நிற்கும். ஓடுகிற வண்டியில் கதவை விரித்த மாதிரி, வேகம் அடங்கும். பிறகு டிஸ்க் பிரேக் பிடித்து நிறுத்தும்.

அன்று வரிசையாக எல்லா மிஷினும் நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. இரண்டு நுனிதான் திரும்பியிருந்தது, மூன்றாவது திரும்பவில்லை. ஒரு பக்கம் பிரேக், மறுபக்கம் இழுப்பு. டவரின் தலை ஆடியது கண்ணுக்கே தெரிந்தது. டிஸ்க் பிரேக்கிலிருந்து புகை வந்து நாசெல்லின் இடுக்கு வழியாக ஒழுகியது. ஏறப் போன என் சட்டையைப் பிடித்து இழுத்தார் அண்ணாச்சி. "ஏறாத. காத்து வர்ற பக்கமா தள்ளிப் போய் நில்லு." நாசெல்லைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிவிட்டால் தப்பிக்கலாம், ஆனால் திருப்பும் மோட்டாருக்கும் கரண்ட் வேண்டுமே. நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. யாருமே பேசவில்லை. இரண்டு நுனிகளின் இழுவையும் பிரேக்கும் சேர்ந்து கடைசியில் வென்றன. மிஷின் நின்றது.

மறுநாள் காலை ஏறினோம். மூன்றாவது நுனியின் தண்டுப் பள்ளத்தில் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். 'நுனி பிரேக் சோதனை' என்பதற்கு நேராக மூன்று இறக்கைக்கும் 'சரி' என்று குறி. கீழே என் கையெழுத்து. அந்த மாதம் நான் அழுத்தம் இறங்குவதை கேஜில் பார்த்தேன். கீழே தொங்கிய ஒரு நுனி திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். மற்ற இரண்டும் திரும்பியிருக்கும் என்று எழுதிவிட்டேன். அண்ணாச்சி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நான் கண்ணால் பார்க்காத எதற்கும் 'சரி' போட்டதில்லை.

2000க்குப் பிறகு வந்த மிஷின்களில் இறக்கை முழுவதுமே ஹப்பில் தாங்கியின் மேல் திரும்பும். பிட்ச் என்கிறோம். மூன்று இறக்கைக்கும் தனித்தனி மோட்டார், கரண்ட் போனாலும் திருப்ப தனித்தனி பேட்டரி. மூன்றில் ஒன்று மட்டும் திரும்பினாலும் மிஷினை அடக்கப் போதும் என்ற அளவில் வடிவமைத்திருக்கிறார்கள். காற்று அளவை மீறும்போது கண்ட்ரோலர் இறக்கையை ஒன்றிரண்டு பாகை திருப்பிக் கொஞ்சம் காற்றை நழுவவிடும். வினாடிக்கு 25 மீட்டர் தாண்டினால் முழுவதுமாகத் திருப்பி, கத்தி முனை மாதிரி காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதன்முதலாக ஒரு பிட்ச் மிஷின் கரண்ட் போன நேரத்தில் சத்தமே இல்லாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு 1998 ஆடிதான் நினைவுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது சுற்று வேகத்தைக் கட்டவிழ்த்துவிட்டது. பழைய மிஷினில் திடீரென்று ஒரு வீச்சு வந்தால் வேகம் கூட வழியில்லை. அந்த அடி முழுவதும் கியர் பல்லில் விழும். பல் அரித்த கியர்பாக்ஸ்களை கிரேன் வைத்து இறக்கியே எங்கள் இளமை போனது. இப்போது ஜெனரேட்டருக்கும் கிரிட்டுக்கும் நடுவே மின்னணுக் கன்வெர்ட்டர் இருக்கிறது. வீச்சு வரும்போது இறக்கை சற்று வேகமெடுத்து அந்தச் சக்தியைச் சுழற்சியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல விடுகிறது. கிரிட்டுக்குப் போவது சீரான 50 ஹெர்ட்ஸ்.

இறக்கையும் அப்படித்தான். கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும் சேர்ந்த ஓடு. நடுவில் பால்சா மரமோ நுரையோ. பால்சா பெரும்பாலும் எக்குவடோரிலிருந்து வருகிறது. பலத்த காற்றில் இறக்கை பின்னால் வளைந்து டவரில் இடித்துவிடக் கூடாது என்பதற்காக, செய்யும்போதே முன்பக்கமாக வளைத்துச் செய்கிறார்கள். சில இறக்கைகளில் இழைகளைச் சாய்த்து அடுக்குகிறார்கள். காற்று வளைக்கும்போது இறக்கை தானாகவே சற்று முறுக்கிக்கொண்டு பாரத்தை உதறிவிடும். மூங்கில் செய்வதை இவர்கள் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் இப்போது நான் பார்த்துக்கொள்ளும் மிஷின் 2.1 மெகாவாட். வட்டத்தின் விட்டம் 120 மீட்டர். எங்கள் பழைய மிஷினோடு ஒப்பிட்டால் ஜெனரேட்டர் எட்டு மடங்குதான் பெருத்திருக்கிறது; இறக்கை அளக்கும் பரப்போ பதினெட்டு மடங்கு. சிறிய வயிற்றுக்குப் பெரிய கை. காரணம் இருக்கிறது. பழைய மிஷின் முழு உற்பத்திக்குப் போக வினாடிக்கு 14 மீட்டர் காற்றுக்குக் காத்திருந்தது. இது 10 மீட்டருக்குள்ளாகவே போய்விடுகிறது. ஆடிக் காற்றை மட்டும் நம்பாமல் பங்குனியின் மெல்லிய காற்றிலும் ஓடுகிறது. போதாததற்கு டவர் உயரம். 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் சமவெளியில் காற்று வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்; மூன்றடுக்குக் கணக்கில் சக்தி முக்கால் பங்கு கூடும். பழைய 250 கிலோவாட் மிஷின் நல்ல வருடத்தில் நான்கு லட்சம் யூனிட் கொடுத்தது. இது 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கிறது.

சாலையில் போகிறவர்கள், "மெதுவாத்தானே சுத்துது" என்பார்கள். நிமிடத்துக்கு 13 சுற்றுதான். ஆனால் 120 மீட்டர் வட்டத்தில் நுனியின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் மழைத்துளியே உளியாகிவிடும். முன் விளிம்பின் பெயிண்டை அரித்து, பிறகு இழையையும் அரிக்கும். கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைப் பூசிச் சரிசெய்யும் பையன்கள் இன்று தனித் தொழிலாகவே இதைச் செய்கிறார்கள்.

காற்றாடி வந்ததால் மழை போய்விட்டது என்று சொல்லும் விவசாயிகளை நான் எல்லா ஊரிலும் சந்தித்திருக்கிறேன். இறக்கையின் நுனி எட்டுவது 180 மீட்டர்; மழை மேகம் அதற்கு மிக மேலே. மழையை மிஷின் தடுக்காது. ஆனால் அவர்கள் கோபத்தின் அடியில் வேறு நியாயம் உண்டு. இறக்கை ஏற்றிவரும் டிரெய்லருக்காகப் போட்ட சாலை ஓடையை மறித்தது, மண் மேடு வாய்க்காலை மூடியது, பேசிய பணம் முழுதாக வராதது, இவையெல்லாம் நடந்திருக்கின்றன. அதைக் கேட்காமல் மேகத்தைப் பற்றி மட்டும் விளக்கம் சொல்லிவிட்டு வருவது தவறு.

இனி நான் சொல்ல வந்தது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்கள் நம் மாநிலத்தின் சொத்து. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் மிஷின்களோடு தொடங்கிய தமிழகம் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் முதலில் வந்தவர்கள் நல்ல காற்று உள்ள இடத்தையெல்லாம் பிடித்தார்கள். அதனால் நாட்டின் மிகச் சிறந்த காற்றில் இன்று நிற்பவை முப்பது வருடப் பழைய சின்ன மிஷின்கள். அவற்றின் வடிவமைப்பு ஆயுளே 20 வருடம். அதுவும் நெருக்கி நெருக்கி நட்டிருக்கிறோம். காற்றின் திசையில் ஒரு மிஷினுக்கும் அடுத்ததற்கும் இடையே விட்டத்தைப் போல ஏழு மடங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்பது கலக்கிவிட்ட காற்றுதான் பின்னால் நிற்பதற்குக் கிடைக்கும். உற்பத்தியும் குறையும், தாங்கிகளும் தேயும். இங்கேயும் வந்த காற்று போக வழி விடவில்லை.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவ 2024இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று ஆளுக்கொரு துண்டு. ஒரு பெரிய மிஷினுக்கு இடம் விட ஐந்தாறு உரிமையாளர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். உட்காருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: உடுமலையில் நன்றாக ஓடுகிறதே என்று அதே நீள இறக்கையை முப்பந்தலில் தூக்கி வைக்காதீர்கள். சர்வதேசத் தரம் சராசரி 10 மீட்டர் காற்றுக்கு முதல் வகுப்பு, 8.5க்கு இரண்டாவது, 7.5க்கு மூன்றாவது என்று மிஷின்களைப் பிரித்திருப்பது காரணமில்லாமல் இல்லை. கணவாயின் வாயில் நிற்கப்போவது கணவாய்க் காற்றைத் தாங்குகிற வகுப்பாக இருக்க வேண்டும். ஒரு வருடமாவது கம்பம் நட்டுக் காற்றை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதுவரை பழைய மிஷின்கள் ஓடத்தான் போகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒன்று. வைகாசியில் காற்று பிடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு இறக்கையையும் கீழே கொண்டுவந்து நிறுத்தி, நுனி வெளியே வந்து 90 பாகை திரும்புவதைக் கண்ணால் பாருங்கள். மூன்றையும் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.